ஒரு மணி வண்டி

அலுவலகத்தில் அவரை முன்னால் ‘சார்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘ஜெராக்ஸ்’ என்றும் அழைத்தார்கள். அறைக்கதவில் ‘முதன்மைத் தரவுப் பாதுகாப்பு ஆலோசகர்’ என்று பித்தளைப் பலகை இருந்தது. பெயரைவிடப் பதவி நீளம், பதவியைவிடப் பேச்சு நீளம். வேலை என்னவோ ஒரு வரிதான். ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை வலை வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைப்பது. அதை அப்படியே ஒரு வரியில் சொன்னால் யார் பித்தளையில் பொறித்துத் தருவார்கள்?

மாதம் ஒருமுறை புதிதாய்ச் சேர்ந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து மூன்று மணி நேரம் வகுப்பெடுப்பார். ஆர்சிங்க் என்ற கமாண்டின் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக, மந்திரம் உபதேசிக்கிறவரைப் போல எடுத்து வைப்பார். மைனஸ் ஏ போட்டால் ஃபைலின் தேதியும் உரிமையும் மாறாமல் வந்து சேரும். மைனஸ் இசட் போட்டால் சுருக்கி மடித்து அனுப்பும். மைனஸ் என் போட்டால் வெறும் ஒத்திகை. ஒன்றையும் செய்யாது, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் பட்டியல் போடும். “கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி ஒரு ஆப்ஷன் இருந்திருந்தா எத்தனை பேர் தப்பிச்சிருப்பாங்க?” என்பார். இந்த நகைச்சுவைக்கு ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் ஒரே அளவு இடைவெளி விட்டார். சம்பள உயர்வை எதிர்பார்ப்பவர்கள் சிரித்தார்கள்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு டபுள் டேஷ் டிலீட்டுக்கு வருவார். அனுப்புகிற மெஷினில் இல்லாமல் போனதை, வாங்குகிற மெஷினிலும் இல்லாமல் செய்துவிடும் ஆப்ஷன் அது. “இது கத்தி. டாக்டர் கையில இருந்தா ஆபரேஷன். மத்தவன் கையில இருந்தா கொலை.” தன் கை டாக்டர் கை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

வகுப்பின் கடைசி வரிசையில் எப்போதும் ஒருவர் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற இரண்டு வருஷம் மிச்சமிருக்கும் பழைய ஆள். மைனஸ் என் போட்டுப் பார்க்காமல் ஒரு கமாண்டும் அடிக்க மாட்டார் என்பதால் ‘ஒத்திகை அண்ணன்’ என்று பெயர். லிஃப்ட் பொத்தானைக்கூட ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார் என்பார்கள். பதவியில் ஜெராக்ஸுக்குக் கீழே, வயதில் மேலே. அதனால் ‘தம்பி’ என்பார், ‘வாங்க, போங்க’ என்றும் பேசுவார்.

ஜெராக்ஸின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக வேறு ஊரில் இருந்தார். “எங்ககூட வந்துடுங்கப்பா” என்று மகன் கூப்பிட்டார். “உன் வீட்டுல லிஃப்ட்டுக்குக்கூடப் பேசத் தெரியுது, எனக்குத்தான் பேச ஆளில்ல” என்று அப்பா வர மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார். பெற்றவருக்குத் துணையாக ஒரு பெட்டி. அதிலும் தன் கொள்கைக்கேற்ப எல்லாவற்றையும் அமைத்தார். குப்பைத்தொட்டி ஒவ்வொரு முறை மெஷினைத் திறக்கும்போதும் தானே காலியாகும். முகப்புத் திரையில் அம்மாவின் படம். தினமும் மதியம் ஒரு மணிக்கு, திரையில் இருக்கும் எல்லா ஃபைலும் வலை வழியாக மகனின் அலுவலக சர்வரில் ஒரு மூலைக்கு வந்து சேரும். வந்ததும் அப்பாவின் திரையில் ‘முடிந்தது’ என்று ஒரு சின்னக் கட்டம் எழும்பும்.

“ஒரு மணி வண்டி போயிடுச்சுடா” என்று முதல் வாரம் முழுக்க அப்பா ஃபோன் பண்ணிச் சொன்னார்.

“அதெல்லாம் சொல்ல வேணாம்பா. தானா நடக்கும்.”

“கண்டக்டர் விசில் அடிக்காம வண்டி எப்படிடா போகும்?”

அப்பா டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் எழுதியது தெருக்குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒரு புகார். அதற்கு ‘குழாய்’ என்று பெயர் வைத்தார். திருத்தியதும் ‘குழாய் புதுசு’ என்றார். பிறகு ‘குழாய் கடைசி’. அதற்குப் பிறகு ‘குழாய் நிஜமா கடைசி’. அவர் பெயர் மாற்ற மாற்ற, பழைய பெயரில் ஒன்று சர்வரில் அப்படியே தங்கிப்போயிற்று. ஒரு குழாய்க்குப் பதினோரு ஃபைல். ஜெராக்ஸுக்கு அது உறுத்தியது. நகல் என்றால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டாமா? மூலத்தில் இல்லாத ஒன்று நகலில் இருந்தால் அது நகலா, பரணா? ஒரு நாள் காலை, காபியைக் குடித்து முடிப்பதற்குள் கமாண்டின் வாலில் டபுள் டேஷ் டிலீட்டைச் சேர்த்தார். ஒத்திகை பார்க்கவில்லை. அப்பாவின் குழாய்ப் புகாருக்கெல்லாமா ஒத்திகை?

அழிப்பதை வேறொரு ஃபோல்டரில் ஒதுக்கிவைக்கும் ஆப்ஷனும் உண்டு. வகுப்பில் அதற்கு மட்டும் இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார். இங்கே போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவர் மீட்டிங்கில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

“டேய், உங்கம்மா மூஞ்சி தெரியலடா.”

“என்னப்பா?”

“திரையில. நான் எழுதறதெல்லாம் அவ மூஞ்சிமேலயே போய் உக்காருது. நெத்தியில ஒண்ணு, மூக்குல ஒண்ணு. இப்ப ஒரு கண்ணு மட்டும்தான் தெரியுது. அதுவும் முறைக்கிற மாதிரி இருக்கு.”

ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க நாலு நிமிஷம் ஆகும். எதிரே மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழிச்சிடுங்கப்பா. எல்லாம் என்கிட்ட காப்பி இருக்கு.”

“அழிச்சா போயிடாதே?”

“இதுதான்பா என் வேலையே. உங்ககிட்ட அழிச்சாலும் என்கிட்ட பத்திரமா இருக்கும்.”

“சரி சரி. நீ பெரிய ஆளு. வேலையைப் பாரு.”

அப்பா முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஏறவேண்டியவர் ஏறியாயிற்றா என்று பார்க்காமல் விசில் கொடுத்ததில்லை. அதே ஒழுங்கோடு, எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு மணி வரை காத்திருந்தார். ‘முடிந்தது’ என்று கட்டம் எழும்பிய பிறகுதான் அழித்தார். அப்படியாக, ஒவ்வொரு ஃபைலும் ஒரு மணி வண்டியில் ஏறி மகனிடம் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. சரியாக ஒரு நாள் அங்கே இருந்தது. மறுநாள் ஒரு மணிக்கு வந்த வண்டி, மூலத்தில் அது இல்லையே என்று பார்த்து, அங்கேயும் அழித்துவிட்டுப் போயிற்று. அப்பாவும் வண்டியும், இரண்டு பேருமே தங்கள் வேலையைப் பிசகில்லாமல் செய்தார்கள். பதினோரு மாதம்.

பிறகு ஒருநாள் காலை, பல் தேய்க்கப் போன இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் போய், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிய மூன்றாம் வாரம் தங்கை ஃபோன் செய்தாள்.

“அண்ணா, அப்பா எழுதினதையெல்லாம் அனுப்பு.”

“எதை, குழாய்ப் புகாரையா?”

“விளையாடாதண்ணா. அம்மாவைப் பத்தி எழுதினது. ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணு எழுதுவாரு, அன்னைக்குச் சாயங்காலம் ஃபோன்ல எனக்குச் சொல்லுவாரு. நூறுக்கு மேல இருக்கும். அவரு சொல்றப்ப நான் பாதி நேரம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ‘உம்’ போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப உக்காந்து படிக்கணும்போல இருக்கு. புத்தகமா போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்.”

“நூறா?”

“உனக்குத் தெரியாதா? எல்லாம் அண்ணன்கிட்ட இருக்குன்னுதானே சொல்லுவாரு.”

“ம்… இருக்கும். பார்த்து அனுப்பறேன்.”

சர்வரில் அந்த மூலையைத் திறந்தார். ஒரே ஒரு ஃபைல் இருந்தது. ‘குழாய் இதுக்குமேல முடியாது’.

திரும்பத் திறந்தார். மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொன்னார். வேறு பெயரில் தேடினார். தேடத் தேட, என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்கு விளங்கிக்கொண்டே வந்தது. விளங்கிய பிறகும் தேடினார். வகுப்பில் அவர் சொல்லும் கத்தி, டாக்டர், கொலை எல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். ஒன்றும் வரவில்லை. ‘நெத்தியில ஒண்ணு, மூக்குல ஒண்ணு’ என்ற குரல்தான் வந்தது.

ஒத்திகை அண்ணனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பித்தளைப் பலகை வெளிப்பக்கம் போயிற்று. நடந்ததை மொத்தமாகச் சொன்னார். அண்ணன் கொட்டாவி விடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒதுக்கிவைக்கிற ஆப்ஷன் போடலையா தம்பி?”

“இல்லண்ணே.”

“சர்வர் டிஸ்க்ல தோண்டிப் பார்த்தா?”

“அது மேல தினம் கம்பெனி ஃபைல் எழுதிக்கிட்டே இருக்கே. மண்ணு போட்டு, அதுமேல வீடும் கட்டியாச்சு.”

“அப்பா மெஷின்ல?”

“குப்பைத்தொட்டியை நான்தான் தானா காலியாகற மாதிரி வச்சேன். டிஸ்க்கும் புது மாதிரி. அழிச்ச இடத்தைச் சும்மா இருக்கறப்ப அதுவே துடைச்சு வச்சிடும்.”

அண்ணன் “எல்லாத்தையும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றார். குத்திக்காட்டிச் சொன்னதல்ல. அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது.

இருந்தாலும் சனி ஞாயிறு இருவருமாக அப்பா வீட்டுக்குப் போய் மெஷினைக் கழற்றி, கையில் இருந்த அத்தனை மீட்புக் கருவிகளையும் ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறேழு மணி நேரம் பிடித்தது. கிடைத்தது அம்மாவின் படம், அதே படம், நாலு அளவில். முகத்தின்மேல் ஒரு ஃபைலும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார்: “தம்பி, லாக் இருக்குமே? ஓடி முடிச்சதும் என்னென்ன பண்ணினேன்னு சொல்லுமே அது.”

இருந்தது. தினமும் ஒரு மணிக்கு மெயிலில் வரும். வந்ததும் படித்ததாகக் குறித்து ஓர் ஓரத்தில் தள்ளச் சொல்லி அவரே விதி எழுதி வைத்திருந்தார். நானூற்றுச் சொச்சம் மெயில்கள், ஆரம்பத்தில் ஒன்றைத் தவிர எதுவும் திறக்கப்படவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய்த் திறந்தால், தலையும் வாலும் புரியாத எண்கள். \#340\#256\#205\#340\#256\#256 என்று பக்கம் பக்கமாக.

“குப்பைண்ணே. ஆரம்பத்துல ஒண்ணு பார்த்தேன். இப்படித்தான் இருந்துச்சு. ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்.”

ஒத்திகை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையோடு ஒட்டிப் பார்த்தார். “மூணு மூணா வருது பாருங்க. ஒவ்வொரு மூணும் 340-ல ஆரம்பிக்குது. குப்பைக்கு இவ்வளவு ஒழுக்கம் இருக்காது. எண்ணா எழுதினா தமிழ் எழுத்து இப்படித்தான் இருக்கும் தம்பி. உங்கப்பா தமிழ்ல பேர் வச்சிருக்காரு. லாக்குக்குத் தமிழ் தெரியும்னு நீங்க சொல்லிவைக்கல. அதான் இப்படிக் கொட்டியிருக்கு.”

எண்களை எழுத்தாக்க ஒரு வரிக் கமாண்ட் போதும். ஜெராக்ஸுக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல, கண்ணில் பட்ட முதல் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டினார். 340, 256, 205 என்றால் ‘அ’. அடுத்தது ‘ம’. பிறகு ஒரு புள்ளி. இன்னொரு ‘ம’. ஒரு கால்.

அதற்குமேல் அண்ணனே கமாண்டை அடித்தார். முதலில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான்.

குழாய்களைத் தள்ளிவிட்டால், நூற்றுப் பதினேழு பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தடவை: ஒருநாள் வந்தது என்று, மறுநாள் அழித்தது என்று. பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். அப்பா தனியாகப் பெயர் வைக்கிற சிரமத்தைக் குழாயோடு விட்டுவிட்டார்போல. முதல் தடவை சேமிக்கும்போது, எழுதிய முதல் வரியையே பெயராக வைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். சரி என்று தட்டியிருக்கிறார். ஒரு பெயருக்கு மெஷின் இத்தனை எழுத்துதான் இடம் கொடுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிப்பதால், வாக்கியம் பாதியில் நின்றுபோயிருந்தது. எல்லாமே பாதியில்.

‘அம்மா முதல் தடவை என் வண்டியில ஏறினது தப்பான வண்டி, அதை நான் சொன்னதுக்கு அவ’

‘அவளுக்குக் கோபம் வந்தா பாத்திரம்தான் பேசும், ஒரே ஒருநாள் பாத்திரமும் பேசாம’

‘கடைசி வாரம் ஆஸ்பத்திரியில நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டா, நான் அதுக்குப்’

நூற்றுப் பதினேழு முதல் வரிகள். இரண்டாம் வரி உலகத்தில் எங்கேயும் இல்லை.

தங்கைக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கென்று ஒரு பொய் எப்போதும் தயாராக இருக்கும்: டிஸ்க் போயிடுச்சு. யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். மனிதன் செய்த பாதித் தப்புகளை டிஸ்க்குகள்தான் சுமக்கின்றன. ஜெராக்ஸ் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் ஃபோனை எடுத்தார்.

“அண்ணா, அனுப்பிட்டியா?”

“இல்லம்மா. நான் அழிச்சுட்டேன்.”

“என்னது?”

“நான் எழுதின கமாண்ட் அழிச்சிருச்சு. அப்பா அங்க அழிச்சா இங்கயும் அழியற மாதிரி வச்சிருந்தேன். அவருகிட்ட, அழிங்க, என்கிட்ட பத்திரமா இருக்கும்னு சொன்னதும் நான்தான். முதல் வரி மட்டும் இருக்கு.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதையும் நிறுத்தினாள்.

“ஊருக்கெல்லாம் நீதானே காப்பாத்திக் கொடுக்கறே?” என்றாள்.

“ஆமா.”

“படி.”

“என்ன?”

“அந்த முதல் வரியைப் படிண்ணா.”

படித்தார். ‘தப்பான வண்டி, அதை நான் சொன்னதுக்கு அவ’ என்று நிறுத்தினார்.

“‘வண்டி தப்பில்ல, நீங்கதான் தப்பா ஓட்டறீங்க’ன்னாங்களாம்.” தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “கண்டக்டர்கிட்ட போய்! டிரைவர் வண்டியை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாராம். அப்புறம் மூணு மாசம் தெரிஞ்சே தப்பான வண்டியில ஏறினாங்களாம். இதை நான் பத்து தடவை கேட்டிருக்கேன்.”

“எனக்குத் தெரியாதே.”

“நீ எப்ப ஃபோன் பண்ணினாலும் ‘இன்டர்நெட் நல்லா வருதாப்பா’ன்னுதானே கேப்பே. அடுத்தது?”

அவள் சொல்லச் சொல்ல அவர் டைப் அடித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்தார்கள். சிலவற்றுக்கு முழுக் கதையும் இருந்தது. சிலவற்றுக்குப் பாதி. “இந்த இடத்துல குக்கர் விசில் அடிச்சுதுண்ணா, கேக்கல” என்று சிலவற்றில் நின்றாள். ஆஸ்பத்திரி வரிக்கு, “அதைச் சொல்றப்ப அப்பாவே நிறுத்திட்டாரு, நான் கேக்கல” என்றாள். அப்படியே குறித்துக்கொண்டார்.

நாலாவது ஞாயிறு, எழுபத்திரண்டாவது வரி.

‘மூத்தவன்மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை நேர்ல சொல்லாம இங்க எழுதறதுக்குக் கார’

படித்து முடித்துவிட்டு, அதையே இன்னொரு தடவை படித்தார்.

“இது என்னன்னு சொன்னாரு?” என்று கேட்டார்.

“தெரியாதுண்ணா.”

“நல்லா யோசிச்சுப் பாரு. பாதி ஞாபகம் இருந்தாக்கூடப் போதும். என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்ல, சொல்லு.”

“மறைக்கலண்ணா. உன்னைப் பத்தி எழுதறதை என்கிட்ட சொல்லவே மாட்டாரு. ‘அது அவனுக்கு எழுதினது, ஒரு மணி வண்டியில போயிடுச்சு, அவன் படிச்சிருப்பான்’ம்பாரு. எந்தத் தேதி அது?”

சொன்னார்.

“அந்த வாரம் நான் அங்கதான் இருந்தேன்.” குரல் இறங்கியது. “ரெண்டு நாள் ஃபோனைச் சட்டைப்பையை விட்டு எடுக்கல. குளிக்கப் போறப்ப என் கையில கொடுத்து, ‘அண்ணன் கூப்பிட்டா கதவைத் தட்டு’ன்னாரு. என்னப்பா விஷயம்னா, ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

“நான் கூப்பிடலையே.”

“கூப்பிடல. மூணாம் நாள் ஃபோனைக் கொண்டுபோய் அலமாரியில வச்சாரு. சந்தோஷமாத்தான் இருந்தாரு. ‘படிச்சுட்டான், கோச்சுக்கல’ன்னாரு. ‘கோச்சுக்கிட்டிருந்தா உடனே ஃபோன் பண்ணிக் கத்தியிருப்பான். பெரிய மனுஷன் ஆயிட்டான் உங்கண்ணன்’னாரு.”

ஜெராக்ஸ் விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கை சொன்னதையெல்லாம் இதுவரை வரி பிசகாமல் அடித்தவர், இதை அடிக்கவில்லை. எழுபத்திரண்டுக்குக் கீழே காலியிடம் இருந்தது.

“அண்ணா? இருக்கியா?”

“இருக்கேன்.”

“இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமா?”

“வேணாம்,” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுபத்து மூன்றாவது வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.